வாசல் தளத்தில் பள்ளம்

கேள்வி: பைக் நிறுத்தும் வாசல் சிமெண்ட் தளத்தில் ஓரடி அகலத்துக்குப் பள்ளம். இரண்டு முறை கலவை பூசியும் அப்பளம் போல் பெயர்ந்து வருகிறது. என்ன செய்வது?
- வாசகர், காட்பாடி

பதில்: பூசியது பள்ளத்தின் ஓரத்தில் காகிதம் போல் மெலிந்திருக்கும், வண்டி ஏறினால் முதலில் உடைவது அதுதான். காய்ந்த பழைய தளம் கலவையின் ஈரத்தையும் உறிஞ்சிவிடும். வேலூர் வெயிலில் கேட்கவே வேண்டாம்!

முதலில் சுற்றிலும் சுத்தியலால் தட்டுங்கள். 'டொப்' என்று ஒலித்தால் அடியில் மண் இறங்கியிருக்கிறது. எலி வளையோ குழாய்க் கசிவோ இருக்கலாம். அதைச் சரிசெய்து, மண் போட்டு இடித்த பிறகே மேல்வேலை.

உளியால் ஓரங்களைச் செங்குத்தாக, 2 அங்குல ஆழத்துக்கு வெட்டுங்கள். தூசியைக் கழுவி, இரவு முழுக்க ஈரச்சாக்கு போடுங்கள். மறுநாள் மாலை, தேங்கிய நீரை ஒற்றி எடுத்துவிட்டு, சிமெண்ட் பாலை (தண்ணீரில் கரைத்த சிமெண்ட்) பிரஷ்ஷால் தேய்த்து, அது காயுமுன் கலவையை இடித்து நிரப்புங்கள். ஓரடிச் சதுரத்துக்கு லிட்டர் மக்கால் சிமெண்ட் 1, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்த மணல்) 2, அரை அங்குல ஜல்லி 4 போதும். தண்ணீர் முக்கால் லிட்டரைத் தாண்டக் கூடாது. இளகிய கலவை பூச வசதிதான், பிறகு சுருங்கி வெடிக்கும். மேலே சிமெண்ட் தூள் தூவும் பழக்கமும் வேண்டாம்.

7 நாள் ஈரச்சாக்கு. அதுவரை பைக் தெருவிலேயே நிற்கட்டும்.