வீட்டை விற்காதீர்கள், மகளைக் கேளுங்கள்

போன சனிக்கிழமை சிங்கப்பூர் யீஷூனிலிருந்து ஓர் அப்பா, அம்மா, உயர்நிலை நான்கில் படிக்கும் மகள், கூடவே பெரிய மாமாவும் என்னிடம் படிப்புக்கு யோசனை கேட்க வந்திருந்தார்கள். வெளிநாட்டுக்கு அனுப்பி டாக்டராக்க வேண்டும், குடியிருக்கும் வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டை விற்கவும் தயார் என்றார்கள். அம்மாவுக்குக் கண் கலங்கியது. 'பார்த்துக்கொள்ளலாம்மா' என்றேன். அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது.

வீட்டை விற்காதீர்கள். வெளிநாட்டு மருத்துவப் பட்டம் இங்கே செல்லுபடியாக வேண்டுமானால், அந்தக் கல்லூரி சிங்கப்பூர் மருத்துவ மன்றத்தின் பட்டியலில் இருக்க வேண்டும். 2020 தொடக்கத்தில் அந்தப் பட்டியலை 160இலிருந்து 103ஆகக் குறைத்தார்கள். பிறகு சில சேர்ந்தன என்றாலும், இதை நம்பி இருக்கிற வீட்டைப் பணயம் வைப்பதா? மாமாவுக்குப் பிள்ளைமேல் பாசம்தான். ஆனால் வீட்டை இழப்பது நீங்கள்.

பெரியவர்கள் பேசும்வரை வாய் திறக்காத பெண், தனியாகக் கேட்டதும் நோட்டுப் புத்தகத்தை எடுத்தாள். பக்கம் பக்கமாக ஏஇஎஸ், அதாவது கணினித் தகவலை மற்றவர் படிக்க முடியாதபடி பூட்டும் குறியாக்க முறை. பூட்டவும் திறக்கவும் ஒரே ரகசியச் சாவி. அமெரிக்கா 2001இல் தரநிலையாக ஏற்ற முறை. 16 பைட்டுகளை நாலுக்கு நாலு கட்டத்தில் வைத்து, ஒவ்வொன்றையும் வேறொன்றாக மாற்றி, வரிசைகளை நகர்த்தி, நெடுவரிசைகளைக் கலந்து, சாவியைச் சேர்க்கிறது. 128 பிட் சாவிக்கு இப்படி 10 சுற்று. கடைசிச் சுற்றில் கலக்கும் வேலை இல்லை என்பதுகூட அவளுக்குத் தெரிந்திருக்கிறது! செய்முறையை யார் வேண்டுமானாலும் படிக்கலாம், சாவி மட்டும் வெளியே போகக் கூடாது என்றாள். அப்புறம் கேட்டாள்: "முன்பின் பார்க்காத ரெண்டு பேர் அந்தச் சாவியை எப்படி சார் பகிர்ந்துக்குவாங்க?"

குறியாக்க ஆய்வாளர்கள் டிஃபியும் ஹெல்மனும் 1976இல் விடை சொன்ன கேள்வி அது. பதினாறு வயதில் தானாகவே அங்கே வந்து நிற்கிற பிள்ளையை வேறு பக்கம் இழுக்காதீர்கள். நோயாளிகளுக்கு இவளைப் போன்றவர்களும் வேண்டும். 2018இல் சிங்ஹெல்த் மருத்துவமனைக் குழுமத்தின் தரவுத்தளத்திலிருந்து 15 லட்சம் பேரின் விவரங்கள் திருடப்பட்டனவே.

தொடக்கக் கல்லூரிப் பாதை உங்களுக்குத் தெரியும், விடுகிறேன். தெமாசெக் பலதுறைத் தொழிற்கல்லூரியில் இணையப் பாதுகாப்புக்கென்றே மூன்றாண்டு டிப்ளோமா இருக்கிறது. குடிமக்களுக்குக் கட்டணம் ஆண்டுக்கு 3,000 வெள்ளியை ஒட்டித்தான். பட்டம் வேண்டுமென்றால் பிறகு பல்கலைக்கழகத்துக்கும் போகலாம். இதில் பலர் கவனிக்காதது, ஈஏஇ எனப்படும் முன்கூட்டிய சேர்க்கை. சாதாரண நிலைத் (ஓ லெவல்) தேர்வுக்கு முன்பே விண்ணப்பிக்கலாம். ஆர்வத்தையும் செய்து காட்டியதையும் பார்ப்பார்கள், நேர்காணல் உண்டு. இடம் கிடைத்தாலும் தேர்வில் குறைந்தபட்சத் தகுதியை எட்டியாக வேண்டும், அதனால் படிப்பை விட முடியாது.

ஜூன் வாக்கில் விண்ணப்பம் திறக்கும். அதை அவளே எழுதட்டும். நேர்காணலுக்கு அந்த நோட்டுப் புத்தகத்தை மறக்காமல் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.