நிலநடுக்கத்துக்கு சத்தம் குடுக்கிறது யாரு?

வணக்கம் அண்ணா,
உலகத்துல எங்க நிலநடுக்கம் வந்தாலும் அந்த டேட்டாவ உடனுக்குடனே சத்தமாவும் லைட்டாவும் மாத்திக் காட்டுற ஒரு வீடியோ பாத்தேன், ஹெட்போன்ல கேட்டப்ப புல்லரிச்சுது. ஆனா அது நிஜமாவே பூமியோட சத்தமா? எங்கயோ யாரோட வீடோ இடியறத நாம ஷோவா பாக்குறது சரியா?
– ர., கோவை

தம்பி,
நம்ம காதுக்கு செகண்டுக்கு 20 அதிர்வாவது வேணும், நிலநடுக்க அலை பெரும்பாலும் அதுக்கு ரொம்ப கீழ. ரெக்கார்டிங்க 100 மடங்கு ஸ்பீடா ஓட்டினா ஒரு மணி நேரம் 36 செகண்டா சுருங்கி நிஜமாவே கேக்கும். ஆனா லைவ்ல இன்னும் வராத டேட்டாவ எப்படி ஓட்டுவ? அதனால பெரும்பாலும் சத்தத்த ஆர்ட்டிஸ்ட் முன்னாடியே செஞ்சு வச்சிருப்பாரு, டேட்டா அதோட வால்யூம் குமிழத் திருப்புது, அவ்ளோதான். அதுலயும் பல பேரு எடுக்கிறது அமெரிக்க நிலவியல் துறையோட லிஸ்ட், நிமிஷத்துக்கு ஒருக்கா அப்டேட் ஆகும், இடம் ஆழம் மேக்னிட்யூட்னு (நிலநடுக்கத்தோட அளவு) வெறும் நம்பர், அதுல அலையே கிடையாது.

ரெண்டாவது கேள்விதான் முக்கியம். மேக்னிட்யூட் பெருசுன்னா வெளிச்சமும் பெருசுன்னு வச்சா என்ன ஆகும் பாரு. 2013ல ரஷ்யாவோட கிழக்குல ஒகோட்ஸ்க் கடலுக்கு அடியில 600 கிலோமீட்டர் ஆழத்துல 8.3, பெருசா சேதமே இல்ல. 2003 டிசம்பர் 26 ஈரான்ல பாம் நகரம், வெறும் 6.6, மண் வீடுங்க, 25 ஆயிரம் பேருக்கு மேல செத்தாங்க (சரியா அடுத்த வருஷம் அதே தேதிலதான் நமக்கு சுனாமி). வெளிவந்த சக்தியப் பாத்தா ஒகோட்ஸ்க்கோடது பாமோடத விட 300 மடங்குக்கு மேல, அப்ப உன் வீடியோல ஒகோட்ஸ்க் ஸ்கிரீனயே நிறைக்கும், பாம் ஒரு புள்ளியா வந்துட்டுப் போயிடும். ஷோ ஆக்குறத விட இதுதான் எனக்கு உறுத்துது.

எனக்குப் புடிச்சது கென் கோல்ட்பெர்க்னு பெர்க்லி ரோபோடிக்ஸ் புரொஃபசர் குழுவோட செஞ்ச 'மோரி'ங்கிற கலைப்படைப்பு. உலகத்த விட்டுட்டு கலிஃபோர்னியாவுல இருக்கிற ஹேவர்ட் நிலப்பிளவ மட்டும் எடுத்தாரு, அவரோட யுனிவர்சிட்டி ஸ்டேடியத்துக்கு அடியிலயே அது ஓடுது, கடைசியா பெருசா ஆடினது 1868ல. அந்த சிக்னல இன்டர்நெட் வழியா 1999ல டோக்கியோ கண்காட்சிக்குக் கொண்டு போனாங்க, இருட்டுல வளைஞ்சு போற பாதை, நடுவுல தரையில நடுங்குற ஒரு கோடு, அடித்தொண்டை உறுமல் மாதிரி சத்தம். 2006ல, சான்ஃபிரான்சிஸ்கோ நிலநடுக்கத்தோட நூறாவது வருஷம், அதே லைவ் சிக்னலுக்கு சான்ஃபிரான்சிஸ்கோ பாலே குழுவோட நடனக்கலைஞர் ம்யூரியல் மாஃப்ரே ஆடினாங்க. தன் காலுக்கடியில இருக்கிறத வச்சு செய்யறவர்கிட்ட உன் ரெண்டாவது கேள்விய கேக்கணும்னே எனக்குத் தோணல.

வீடியோ லிங்க அனுப்பு, ஆழத்தையாவது கணக்குல சேத்திருக்காங்களான்னு பாக்கிறேன்.