ரத்தப் பரிசோதனையில் எம்.சி.வி. (சிவப்பணுவின் சராசரி அளவு) 112, ஹீமோகுளோபின் 8.4 என்று வந்திருக்கிறது. ஃபோலிக் அமில மாத்திரை மட்டும் போதுமா?

போதாது. வைட்டமின் பி12 அளவு தெரியாமல் ஃபோலிக் அமிலத்தை மட்டும் ஆரம்பித்தால் ஹீமோகுளோபின் ஏறும், சோர்வு குறையும், குணமாகிவிட்டது போலத் தோன்றும். குறைவு பி12-இல் இருந்தால் தண்டுவடமும் கால் நரம்புகளும் அதற்குள் கெட்டுக்கொண்டே போகும். பாதம் மரத்துப்போவது, இருட்டில் நடக்கும்போது தள்ளாடுவது இவையெல்லாம் அதன் அறிகுறிகள். நாள்பட்டால் முழுதாகச் சரியாகாது.

எம்.சி.வி. 100 ஃபெம்டோலிட்டரைத் தாண்டினாலே வைட்டமின் குறைவு என்றும் சொல்ல முடியாது. மதுப்பழக்கம், கல்லீரல் நோய், தைராய்டு குறைவு, ஹைட்ராக்சியூரியா, மெத்தோட்ரெக்சேட் போன்ற மருந்துகள், வயதானவர்களுக்கு எலும்பு மஜ்ஜைக் கோளாறு என்று பட்டியல் நீளம். அதனால் முதலில் ரத்த ஸ்மியர் (ரத்தத் துளியைக் கண்ணாடியில் தடவி நுண்ணோக்கியில் பார்ப்பது) பாருங்கள். பெரிய முட்டை வடிவச் சிவப்பணுக்களும், உட்கரு ஆறு மடலாகப் பிரிந்த நியூட்ரோஃபில் என்ற வெள்ளையணுக்களும் தெரிந்தால் பி12 அல்லது ஃபோலேட் (ஃபோலிக் அமில வைட்டமின்) குறைவுதான் முதல் சந்தேகம். கூடவே எல்.டி.எச். (அணுக்கள் உடைந்தால் உயரும் நொதி), பிலிருபின் (ரத்தத்தின் மஞ்சள் நிறமி) உயர்ந்திருந்தால் உடனே கல்லீரல் காமாலை என்று பயப்பட வேண்டாம். அரைகுறையாக வளர்ந்த அணுக்கள் மஜ்ஜையிலேயே உடைவதால் வருவது அது.

பி12 மில்லிலிட்டருக்கு 200 பிகோகிராமுக்குக் கீழே என்றால் குறைவு. 200-300 இரண்டுங்கெட்டான், பி12 குறைந்தால் ரத்தத்தில் உயரும் மீத்தைல்மலோனிக் அமிலத்தைப் பார்த்தால் தெளியும். பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தபின் பி12 ஊசியைத் தொடங்கலாம். நரம்புத் தொந்தரவு இருந்தால் முடிவுக்காகக் காத்திருக்கவே கூடாது.

ஹைட்ராக்சோகோபாலமின் (ஊசியாகப் போடும் பி12) 1 மில்லிகிராம் தசையில், வாரம் மூன்று முறை, இரண்டு வாரம். பிறகு 2-3 மாதத்துக்கு ஒன்று. நரம்பு பாதித்திருந்தால் முன்னேற்றம் நிற்கும்வரை ஒருநாள் விட்டு ஒருநாள். மாத்திரையும் வேலை செய்யும், ஆனால் தினம் 1000-2000 மைக்ரோகிராம் வேண்டும். பி12-ஐ உடல் உறிஞ்ச உதவும் இரைப்பைப் புரதமான இன்ட்ரின்சிக் ஃபாக்டர் இல்லாதவர்களுக்கு சுமார் 1 சதவீதம்தான் உள்ளே போகும். ஃபோலேட்டும் குறைவென்றால் பி12 கொடுத்தபின் 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலம், நான்கு மாதம்.

கடுமையான சோகையில் முதல் சில நாள் பொட்டாசியம் சரியக்கூடும், கவனியுங்கள். ரெட்டிகுலோசைட் (இளம் சிவப்பணு) ஒரு வாரத்தில் உச்சம் தொடும், எம்.சி.வி. சுமார் 8 வாரத்தில் இயல்பாகும். ஹீமோகுளோபின் பாதி வழியில் நின்றால் இரும்புச்சத்தைப் பாருங்கள். அதுவும் சரியாக இருந்து எம்.சி.வி. இறங்காவிட்டால் மஜ்ஜைப் பரிசோதனைக்கு ரத்தநோய் நிபுணரிடம் போக வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவரா, இரைப்பை அறுவை செய்தவரா, அசைவமும் பாலும் தொடாதவரா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஊசி எத்தனை காலம் என்பது அதைப் பொறுத்ததுதான். இன்ட்ரின்சிக் ஃபாக்டர் எதிர்ப்பொருள் இருந்தால் ஆயுள் முழுக்க.