வீட்டுக்குள் சைக்கிள் மிதித்தால் மரத்துப்போகிறதே, டாக்டர்?

கேள்வி: எனக்கு வயது 47. மூன்று ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். சாலையில் நாய்களும் லாரிகளும் அதிகம் என்பதால், சைக்கிளின் பின்சக்கரத்தை ட்ரெய்னர் ஸ்டாண்டில் பூட்டி வீட்டிலேயே தினமும் முக்கால் மணி நேரம் மிதிக்கிறேன். 20 நிமிடம் ஆனதும் தொடையிடுக்கும் ஆணுறுப்பும் மரத்துப்போகின்றன. இறங்கினால் ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடுகிறது. இதே சைக்கிளைச் சாலையில் இரண்டு மணி நேரம் ஓட்டியபோது இப்படி இல்லை. ஜெல் சீட் கவர் வாங்கலாமா? அதிகம் செலவு செய்ய முடியாது. ஆண்மை பாதிக்குமோ என்று பயமாக இருக்கிறது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

பதில்: பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். அதே சைக்கிள், அதே சீட். சாலையில் ஒவ்வொரு மிதிக்கும் சைக்கிள் இடமும் வலமும் லேசாகச் சாயும். பள்ளம், வேகத்தடை, சிக்னல் என்று ஏதாவது ஒன்று உங்களை எழுப்பிக்கொண்டே இருக்கும். ஸ்டாண்டில் பூட்டிய சைக்கிளுக்கு அந்த அசைவு கிடையாது. மொத்த எடையும் ஒரே இடத்தில் இறங்குகிறது.

ஆசனவாய்க்கும் பிறப்புறுப்புக்கும் நடுவே புடெண்டல் என்ற நரம்பும் அதன் கூடவே ரத்தக்குழாய்களும் ஓடுகின்றன. சீட்டின் மூக்குப் பகுதி அவற்றை இடுப்பெலும்போடு சேர்த்து அழுத்துகிறது. பந்தியில் நெடுநேரம் சம்மணமிட்டால் கால் மரத்துப்போவதைப் போன்றதுதான் இதுவும். உட்கார்ந்து மிதிக்கும்போது அங்கே ரத்த ஓட்டம் குறைவதையும், எழுந்து நின்றதும் மீள்வதையும் அளந்தே பார்த்திருக்கிறார்கள்.

ஐந்து நிமிடத்தில் உணர்வு திரும்புவதால் நிரந்தரப் பாதிப்பு இருக்க வாய்ப்பு குறைவு. அதற்காகத் தினமும் மரக்க விட்டுக்கொண்டே இருக்காதீர்கள். விறைப்பில் ஏதாவது மாற்றம் தெரிந்தால் சர்க்கரைக்குப் பார்க்கும் மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். சர்க்கரை நோயே நரம்பையும் ரத்தக்குழாயையும் தாக்கும் என்பதால், பழியைச் சைக்கிள் மீது போட்டுவிட்டு அதைக் கவனிக்காமல் விடுவதுதான் எனக்குக் கவலை. மிதிக்காத நேரத்திலும் மரத்திருந்தாலோ, அதோடு முதுகுவலி, கால் பலவீனம், சிறுநீர் அடைப்பு சேர்ந்தாலோ, முதுகுத்தண்டின் அடியிலுள்ள நரம்புக் கொத்து நசுங்குவதாக இருக்கலாம். அப்போது அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

ஜெல் கவர் வேண்டாம். நாம் உட்காரும்போது எடையைத் தாங்கும் பிட்டத்து எலும்புகள் (உட்காரும் எலும்புகள்) மெத்தென்ற பொருளில் புதைய, நடுவிலுள்ள ஜெல் மேலே பிதுங்கி நாம் காப்பாற்ற நினைக்கும் இடத்தையே அழுத்தும்.

காசில்லாத வைத்தியம் முதலில். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை பெடலில் எழுந்து நின்று 30 விநாடி மிதியுங்கள். செல்போனில் அலாரம் வையுங்கள். மரத்த பிறகு எழுவது தாமதம். அடுத்தது சீட்டின் உயரம். குதிகாலைப் பெடலில் வைத்து அதைக் கீழே கொண்டுபோனால் முழங்கால் நேராக வேண்டும். எட்டவில்லை என்றால் சீட் அதிக உயரம். மூக்கு மேல்நோக்கி இருக்கிறதா என்றும் பாருங்கள். பின்சக்கரத்தை ஸ்டாண்ட் தூக்கிவிடுவதால் முன்சக்கரத்தின் அடியில் ஒரு கட்டை வைத்து இரண்டையும் சமமாக்குங்கள். கட்டை இல்லாவிட்டால் உடம்பு முன்னால் சரிந்து கையும் மரக்கும்.

இனி அசைவு. பிள்ளைகள் விளையாடும் தடித்த ஃபோம் பாயை ஸ்டாண்டின் கீழே விரித்தாலே சிறிது நெகிழ்வு கிடைக்கும். சிலருக்கு அதுவே போதும். போதவில்லை என்றால் ஆடும் பலகை செய்யலாம். 18 மில்லிமீட்டர் ப்ளைவுட் இரண்டு வேண்டும். ஸ்டாண்டும் முன்சக்கரமும் ஒரே பலகையில் அடங்கும் நீளம் இருக்கட்டும். முன்சக்கரம் தரையில் இருந்தால் சைக்கிளின் சட்டம் முறுக்கிக்கொள்ளும். இரண்டு பலகைகளுக்கும் நடுவே நீளவாக்கில் ஓர் அச்சு, இருபுறமும் பழைய டென்னிஸ் பந்துகள். பந்து உருண்டு வெளியேறாமலிருக்கப் பலகையில் வட்டக் குழி வெட்டச் சொல்லுங்கள். தச்சரிடம் ‘சீசா மாதிரி இரண்டு பக்கமும் சாய வேண்டும்’ என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். அச்சாகக் கதவுக் கீலை மடங்கிய நிலையில் படுக்கவைத்து அடித்தால் ஒரு பக்கம்தான் சாயும். ஸ்டாண்டின் கால்களைப் பட்டையால் பலகையோடு இறுக்கிக் கட்டுங்கள். சில டிகிரி சாய்வு போதும். ஊஞ்சல் மாதிரி ஆடினால் பந்துகளைக் கூட்டுங்கள். பலகையின் உயரம் கூடுவதால் ஏறி இறங்கச் சுவர் பக்கமாக வையுங்கள். தலைச்சுற்றல் உள்ளவர்களுக்கு இது வேண்டாம்; ஃபோம் பாயோடு நிறுத்திக்கொள்ளலாம்.

வீட்டுக்குள் எதிர்காற்று இல்லை, வியர்வை காயாது. டேபிள் ஃபேனை முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சு வைத்த சைக்கிள் டவுசரை உள்ளாடை இல்லாமல் போடுங்கள், உள்ளாடையின் தையல்தான் தோலை அறுக்கும். முடிந்தவுடன் குளித்துத் துடைத்து உலர்ந்த துணிக்கு மாறுங்கள். சர்க்கரை உள்ளவர்களுக்குத் தொடையிடுக்கில் படர்தாமரை எளிதில் வரும்.

மூன்று நாள் ஓய்வு கொடுங்கள். பிறகு ஒரு வாரம் 20 நிமிடம் மட்டும், இடையில் எழுந்து எழுந்து மிதியுங்கள். மரக்கவே இல்லை என்றால் வாரத்துக்கு ஐந்து நிமிடம் கூட்டலாம். இத்தனையும் செய்து மாதம் ஒன்றான பிறகும் மரத்தால், நடுவில் குழியுள்ள, உங்கள் உட்காரும் எலும்புகளின் அகலத்துக்குப் பொருந்தும் சீட்டுக்குச் செலவு செய்யுங்கள்.