ராஸ்பெர்ரி பை என்ற சின்னக் கணினியில் ஹெச்.சி-எஸ்.ஆர்.04 என்ற 5 வோல்ட் சென்சரை நேரடியாக இணைக்கலாமா?

கூடாது. ஒலியை அனுப்பி, அது பொருளில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தை அளக்கும் இந்த சென்சர் 5 வோல்ட்டில் ஓடுவது. அந்த நேரத்தைச் சிக்னலாகத் தரும் எக்கோ பின்னிலிருந்து (pin, இணைப்பு முனை) வருவதும் 5 வோல்ட்தான். வெளிச் சாதனங்களை இணைக்க ராஸ்பெர்ரி பையில் இருக்கும் ஜிபிஐஓ பின்களுக்கோ 3.3 வோல்ட்தான் எல்லை. ஆர்டுயினோ ஊனோ என்ற இன்னொரு சின்ன எலக்ட்ரானிக்ஸ் போர்டில் கை பழகியவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான், ஏனென்றால் அது 5 வோல்ட் போர்டு. நானும் அப்படித்தான் ஒரு பின்னைக் கருக்கினேன். புகைகூட வரவில்லை, அந்தப் பின் அதன்பிறகு வேலை செய்யவேயில்லை, அவ்வளவுதான்.

தீர்வு இரண்டு ரெசிஸ்டர்கள். எக்கோவிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக ஜிபிஐஓவுக்கு வாருங்கள். அதே ஜிபிஐஓ முனையிலிருந்து கிரவுண்டுக்கு 2 கிலோ ஓம் போடுங்கள். மின்னழுத்தம் சுமார் 3.3 வோல்ட்டாகக் குறைந்துவிடும். சென்சரை அளக்கச் சொல்லும் டிரிக்கர் பின்னை நேராகவே இணைக்கலாம், அதற்கு 3.3 வோல்ட் போதும்.

கணக்கும் எளிதுதான். ஒலி 20 டிகிரி வெப்பத்தில் நொடிக்குச் சுமார் 343 மீட்டர் போகும். எக்கோ சிக்னல் 1 மில்லிநொடி நீடித்தால் போய்த் திரும்பிய தூரம் 34.3 செ.மீ.; பொருள் இருப்பது ஏறக்குறைய 17 செ.மீ.யில். ராஸ்பெர்ரி பையில் ஓடுவது லினக்ஸ் இயங்குதளம், அது நடுவில் வேறு வேலை பார்க்கப் போய்விடும். அதனால் அளவு அவ்வப்போது குதிக்கும். ஐந்து முறை அளந்து, வரிசைப்படுத்தி, நடுவில் இருப்பதை எடுங்கள்.