ரெகுலேட்டர் டிரைவரை ரிவ்யூ செய்யும்போது எதைப் பார்ப்பது?

கேள்வி: ஐ2சி (சிப்புகள் பேசிக்கொள்ளும் இரண்டு கம்பி இணைப்பு) வழியாக இயங்கும் ஒரு பக் ரெகுலேட்டர் சிப்புக்கு (வோல்டேஜைக் குறைத்து நிலையாகத் தரும் சிப்) என் சக ஊழியர் லினக்ஸ் டிரைவர் எழுதியிருக்கிறார். ரிவ்யூ செய்யும் பொறுப்பு என்னுடையது. கம்பைல் ஆகிறது, போர்டும் பூட் ஆகிறது. இதற்கு மேல் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: போர்டு பூட் ஆவதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். பெரும்பாலும் அந்த நேரத்தில் சிப் தன் ஆரம்ப வோல்டேஜிலேயே ஓடிக்கொண்டிருக்கும். டிரைவரில் உள்ள தப்பு வெளியே வருவது, பிராசஸர் வேகத்தைக் கூட்ட முதல்முறையாக வோல்டேஜை மாற்றும்போதுதான்.

அதனால் கோடைத் திறப்பதற்கு முன் டேட்டாஷீட்டைத் திறந்து, வோல்டேஜ் அட்டவணையிலிருந்து நான்கு விஷயங்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: குறைந்த வோல்டேஜ், அதிக வோல்டேஜ், ஒரு படியின் அளவு, ரெஜிஸ்டரில் (சிப்புக்குள் அமைப்புகளை எழுதும் இடம்) அதற்கான பிட்டுகள். 0.6 முதல் 1.2 வோல்ட் வரை, 12.5 மில்லிவோல்ட் படி, ஆறு பிட் என்று வைத்துக்கொள்வோம். லினக்ஸ் மைக்ரோவோல்ட்டில் கணக்கிடுவதால் கோடில் 600000, 12500 என்று இருக்க வேண்டும். படிகள் 48, ஆனால் மதிப்புகள் 49. டிரைவரில் மதிப்புகளின் எண்ணிக்கையை 48 என்று எழுதியிருந்தால் 1.2 வோல்ட் கிடைக்கவே கிடைக்காது. ஆறு பிட் இருக்கிறதே என்று 64 போட்டிருந்தால் அது இன்னும் மோசம். சிப் ஏற்காத 1.3875 வோல்ட் வரை கேட்கலாம் என்று கெர்னல் நம்பிவிடும். சில சிப்புகளில் பாதி வழியில் படியின் அளவே மாறும். அப்போது இரண்டு வரிசைகளும் சந்திக்கும் இடத்தைக் கையால் கணக்குப் போட்டுப் பாருங்கள். நான் கண்ட தப்புகளில் அதிகம் அங்கேதான் இருந்தன.

அடுத்து ப்ரோப் ஃபங்ஷன், அதாவது சிப்போடு டிரைவர் இணையும்போது கெர்னல் அழைக்கும் ஃபங்ஷன். அதற்குள் வோல்டேஜை மாற்றும் வரியோ, அவுட்புட்டை ஆன் செய்யும் வரியோ இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். சிப்பால் என்ன முடியும் என்பதைச் சொல்வது மட்டுமே டிரைவரின் வேலை. எவ்வளவு வோல்டேஜ் தரலாம், எது எப்போதும் ஆனில் இருக்க வேண்டும் என்பதையெல்லாம் அந்தந்த போர்டின் டிவைஸ் ட்ரீ (போர்டில் உள்ள ஹார்டுவேரை விவரிக்கும் கோப்பு) சொல்லும். இதே சிப் நாளை வேறொரு போர்டில் உட்காரும்போது, டிரைவரில் எழுதிய 1.1 வோல்ட் அங்கே ஒரு மெமரி சிப்பைச் சுட்டுவிடலாம்.

ராம்ப் வேகத்தை, அதாவது வோல்டேஜ் மாறும் வேகத்தை, தவறாமல் பாருங்கள். மைக்ரோவினாடிக்கு 10 மில்லிவோல்ட் ஏறும் சிப், 0.6-லிருந்து 1.2 வோல்ட்டுக்குப் போக 60 மைக்ரோவினாடி எடுக்கும். டிரைவர் இதைச் சொல்லாவிட்டால் கெர்னல் காத்திருக்காது, வோல்டேஜ் வந்து சேர்வதற்குள் கிளாக் ஏறிவிடும். இந்த ஒரு வரி விடுபட்டதால், சில நாட்களுக்கு ஒருமுறை மட்டும் உறைந்துபோகும் போர்டோடு இரண்டு வாரம் போராடியிருக்கிறேன். அலகும் முக்கியம். கெர்னல் இதை மைக்ரோவினாடிக்கு இத்தனை மைக்ரோவோல்ட் என்று எடுத்துக்கொள்வதால் அங்கே 10000 என்று வர வேண்டும். 10 என்று போட்டால் இதே மாற்றத்துக்கு 60 மில்லிவினாடி வீணாகும்.

ரெஜிஸ்டரைப் படிக்க, எழுத, ஆன்-ஆஃப் செய்ய ரெக்மேப்பை (ரெஜிஸ்டர்களை அணுகுவதற்கான கெர்னலின் பொது அடுக்கு) ஒட்டிய பொது ஃபங்ஷன்கள் கெர்னலிலேயே இருக்கின்றன. அவற்றை விட்டுவிட்டுச் சொந்தமாக எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். காரணம் சொல்ல முடியாத சொந்தக் கோட் வேண்டாம். கேஷ் (படித்த மதிப்பைச் சேமித்து வைப்பது) பயன்படுத்தினால், ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டர்கள் வாலடைல், அதாவது தானாக மாறக்கூடியவை, என்று குறிக்கப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் பழைய மதிப்பே திரும்பத் திரும்ப வரும். இன்டரப்ட் ஹேண்ட்லர் (சிப் அனுப்பும் அவசரச் சைகையைக் கவனிக்கும் ஃபங்ஷன்), தன் சிப்பில் எதுவும் நடக்காதபோதும் கவனித்துவிட்டதாகப் பதில் சொல்லக் கூடாது.

இவையெல்லாம் சரியாக இருந்தால், லோடு எதுவும் இணைக்காத ஒரு அவுட்புட்டில் வர்ச்சுவல் கன்சூமர் டிரைவரை (சோதனைக்காக வோல்டேஜ் கேட்கும் கெர்னல் டிரைவர்) இணைத்து, குறைந்தது, நடுவில் ஒன்று, அதிகபட்சம் என மூன்று வோல்டேஜ்களைக் கேட்டு மல்ட்டிமீட்டரில் அளந்து தரச் சொல்லுங்கள். அந்த மூன்று அளவுகளையும் பார்த்த பிறகு ஒப்புதல் கொடுங்கள்.