மதர்போர்டு கவருக்கு அடியில் எஸ்.எஸ்.டி. சூடாகிறதா? கேள்வி பதில்

கேபினெட்டுக்குள் சிப்பும் வயரும் தெரியாதபடி மதர்போர்டுக்குச் சொந்தமாகக் கவர் செய்து மாட்டியவர்களும், செய்யப் போகிறவர்களும் கேட்டவை இவை. கேள்விகள் எங்கே தொடங்கினாலும் அடியில் மாட்டிக்கொண்ட எம்.2 எஸ்.எஸ்.டி.யில்தான் (மதர்போர்டிலேயே நேராகச் செருகும் பட்டை வடிவச் சேமிப்பு டிரைவ்) வந்து நிற்கின்றன.

கேள்வி: அண்ணா, அக்ரிலிக் கவர் போட்டதிலிருந்து பெரிய கேம் ஃபோல்டரைக் காப்பி செய்தால் முதலில் பறக்கிறது, பாதியில் படுத்துவிடுகிறது. சூடுதானே காரணம்?

பதில்: இருக்கலாம் தம்பி, ஆனால் அவசரப்பட்டுக் கவரைக் கழற்றாதீர்கள். டிரைவின் எஸ்.எல்.சி. கேஷ் (வேகமாக எழுதி வைக்கும் தற்காலிக இடம்) நிரம்பினாலும் வேகம் இப்படித்தான் விழும். டிரைவின் சூட்டைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளைத் திறந்துவைத்துக்கொண்டு காப்பி செய்து பாருங்கள். 55 டிகிரியிலேயே வேகம் விழுந்தால் கேஷ். 80-ஐ நெருங்கியதும் விழுந்து, கொஞ்சம் ஆறியதும் ஏறி, மறுபடி விழுந்து என்று ரம்பப் பல் மாதிரி போனால் சூடுதான். எந்த டிகிரியில் எச்சரிக்கை என்பது டிரைவுக்கு டிரைவு மாறும். அந்த எல்லைக்கு மேல் எத்தனை நிமிடம் ஓடியது என்ற கணக்கை என்விஎம்இ டிரைவுகள் (எம்.2-வில் வேகமான வகை) தாங்களே வைத்திருக்கும். லினக்ஸில் ஸ்மார்ட்சிடிஎல் என்ற கட்டளை அதைக் காட்டிவிடும். கவர் போடுமுன் ஒரு தடவை, போட்டபின் ஒரு தடவை பாருங்கள். அதைவிடப் பெரிய சாட்சி தேவையில்லை.

கேள்வி: கவரையே அலுமினியத்தில் செய்துவிட்டால் அதுவே ஹீட்சிங்க் ஆகிவிடாதா சார்?

பதில்: டிரைவைத் தொட்டால் ஆகும். தொடாவிட்டால் வெறும் மூடிதான். வெப்பம் கடத்துவதில் (வாட்/மீட்டர்-கெல்வின் அளவில்) அலுமினியம் சுமார் 200, அக்ரிலிக் 0.2, காற்று 0.03-க்கும் கீழே. நடுவில் 3 மி.மீ. காற்று நின்றால் மேலே எந்த உலோகம் இருந்தும் பெரிய பயனில்லை. இடைவெளியைத் தெர்மல் பேட் (வெப்பம் கடத்தும் மெத்தென்ற பட்டை) அடைக்க வேண்டும். எவ்வளவு தடிமன் என்று கண்ணால் மதிப்பிடாதீர்கள். பிள்ளைகள் விளையாடும் கிளேயில் ஒரு சிட்டிகை எடுத்து, பிளாஸ்டிக் தாளில் சுற்றி, டிரைவை இயக்கும் கன்ட்ரோலர் சிப்பின் மேல் வைத்துக் கவரை மாட்டிக் கழற்றுங்கள். நசுங்கி நிற்கும் தடிமனைக் காலிப்பரில் அளந்து, அதைவிடக் கொஞ்சம் கூடுதலான பேட் வாங்குங்கள். ரொம்பத் தடிமனாக வைத்து இறுக்கினால் டிரைவ் நடுவில் வளையும். அந்த போர்டே 0.8 மி.மீ. தான். அப்புறம், உலோகத்தின் உட்பக்கம் காப்டன் டேப் (மின்சாரம் கடத்தாத, சூடு தாங்கும் டேப்) ஒட்ட மறக்காதீர்கள். அலுமினியத்தின் மேல் உள்ள அனோடைஸ் பூச்சை நம்ப வேண்டாம், ஒரு கீறல் போதும் ஷார்ட் ஆக.

கேள்வி: எஸ்.எஸ்.டி. மேல் இருக்கும் ஸ்டிக்கரை உரிக்கலாமா?

பதில்: வேண்டாம். வாரண்டி போகும். சில ஸ்டிக்கர்களில் வெப்பத்தைப் பரப்பச் செம்புத் தகடே இருக்கிறது. உரிக்க வேண்டியது தெர்மல் பேடின் இரு பக்கப் பாதுகாப்புத் தாளை. அதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள்.

கேள்வி: பி.எல்.ஏ. பிளாஸ்டிக்கில் 3டி பிரிண்ட் செய்த கவர், உள்ளே குட்டி ஃபேன். சரிவருமா?

பதில்: பி.எல்.ஏ. 60 டிகிரி வாக்கில் இளகத் தொடங்கும். கிராபிக்ஸ் கார்டுக்குக் கீழே உள்ள ஸ்லாட் என்றால், ஏ.சி. இல்லாத அறையில் மே மாதம் கவரே தொய்ந்துவிடும். இன்னும் சூடு தாங்கும் ஏ.பி.எஸ். அல்லது ஏ.எஸ்.ஏ. பிளாஸ்டிக்கில் பிரிண்ட் செய்யுங்கள். ஃபேன் யோசனை புதிதல்ல. ஆசுஸ் 2011-இல் சேபர்டூத் பி67 போர்டை முழுக்க மூடியபோது, அந்தப் பிளாஸ்டிக் கவசத்திலேயே சின்ன ஃபேனுக்கு இடம் விட்டிருந்தது. ஆனால் காற்று உள்ளே போக ஒரு வழி, வெளியேற எதிர்ப்பக்கம் ஒரு வழி இரண்டும் வேண்டும். இல்லையென்றால் ஃபேன் அதே சூட்டுக் காற்றையே சுற்றிக்கொண்டிருக்கும், இரைச்சல்தான் மிச்சம்.

கேள்வி: எஸ்.எஸ்.டி.யில் தரவைச் சேமிக்கும் நாண்ட் சிப் சூடாக இருப்பதே நல்லது என்கிறார்களே?

பதில்: பாதி உண்மை. எழுதும்போது மிதமான சூடு நாண்ட் செல்லுக்கு நல்லதுதான். அணைத்து வைக்கும்போது குளிர்ச்சி நல்லது. சிப் துறைத் தர அமைப்பான ஜெடெக், வீட்டு டிரைவுகளுக்கு வகுத்த தரமே, ஓடும்போது 40, மின்சாரம் இல்லாமல் வைக்கும்போது 30 டிகிரி என்று வைத்துத்தான் ஒரு வருடம் தரவு நிற்க வேண்டும் என்கிறது. ஆற்ற வேண்டியது முக்கியமாகக் கன்ட்ரோலரை. வேலை செய்யும்போது 60 காட்டினால் நிம்மதியாகத் தூங்கலாம்.

கேள்வி: ஜென் 5 (பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஐந்தாம் தலைமுறை) டிரைவ் வாங்கப் போகிறேன். கவருக்குள் வைக்கலாமா?

பதில்: எந்தக் கன்ட்ரோலர் என்று பார்த்து வாங்குங்கள். 2023-இல் வந்த முதல் ஜென் 5 டிரைவுகளில் இருப்பது ஃபைசன் இ26 கன்ட்ரோலர், 12 நானோமீட்டர் முறையில் செய்த சிப் (இந்த எண் சிறிதானால் பொதுவாகச் சூடும் குறையும்). சூடு அதிகம், ஹீட்சிங்க் இல்லாமல் ஓட்டவே கூடாது. சிலிக்கான் மோஷன் எஸ்.எம்.2508 போன்ற 6 நானோமீட்டர் சிப்கள் எவ்வளவோ தேவலை. இ26-தான் கையில் இருக்கிறது என்றால் கவரில் அந்த இடத்தை மட்டும் 25-க்கு 85 மி.மீ. வெட்டி, ஹீட்சிங்கின் துடுப்புகள் வெளியே தெரிய விடுங்கள்.